பிளாஸ்க் அக்காவின் பத்துப் பிள்ளைகள்

பிளாஸ்க் அக்கா பெற்றது ஒன்று. மையத்துப் பதிவேட்டின்படி பத்து. அந்தப் பத்தும் ஒரே தேதியில் பிறந்தவை. மூத்தவர் சுவருக்கு வர்ணம் அடிக்கிற மேஸ்திரி, அறுபத்தோரு வயது. அவரைப் பெற்றதாகச் சொல்லப்படும் அக்காவுக்கோ ஐம்பத்திரண்டுதான். இந்த அதிசயத்தை விசாரிக்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரியே வந்தார். போகும்போது நர்சம்மாவிடம் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருவருடைய கல்லீரலில் கிருமி உட்கார்ந்திருந்தது. அது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குப் பாதிக் காரணம் அக்கா.

மையம் என்பது டயர் கடைக்கு மேலே மாடியில் இருக்கிற இரத்தப் பரிசோதனை மையம். படிக்கட்டில் மூன்றாவது படி உடைந்திருக்கும். பழகியவர்கள் அதைத் தாண்டி ஏறுவார்கள், புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். விழுகிற சத்தம் கேட்டால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் "புது ஆள்" என்று சொல்லித் தள்ளி உட்கார்ந்து இடம் விடுவார்கள். மேலே இரண்டே அறைகள். முன்னறையில் பதிவு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பெஞ்சு. பின்னறையில் திரைக்கு அப்பால் நர்சம்மா இரத்தம் எடுப்பார்.

அங்கே வருகிறவர்கள் ஊசியில் போதை ஏற்றிக்கொள்பவர்கள், அந்தப் பழக்கத்தை விட்டவர்கள், உடம்பை வைத்துப் பிழைப்பவர்கள், மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் போகாத லாரி டிரைவர்கள். அரசாங்கத் தாளில் இவர்களுக்கு 'எச்.ஐ.வி. வரும் ஆபத்து அதிகம் உள்ளோர்' என்று பெயர். அக்காவிடம் இரண்டே ஜாதிதான். சர்க்கரை போட்ட டீ குடிப்பவர்கள், போடாத டீ குடிப்பவர்கள்.

அக்காவின் வேலை கூட்டுவதும் டீ போடுவதும். முழ உயர பிளாஸ்க் ஒன்று அவள் கையிலேயே இருக்கும், அதனால் வந்த பெயர்தான் அது. கெட்டிலுக்குரிய பிளக் பாயிண்ட் பதிவு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது, கம்ப்யூட்டருக்குப் போக அந்த மாடிக்கே அது ஒன்றுதான். அதனால் அக்காவின் ஸ்டூலும் மேசைக்குப் பக்கத்தில். அந்த பிளக்கை வேறு சுவரில் வைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

இந்த வேலைக்கு முன்னால் அவள் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற பட்டறையில் இருந்தாள். புருஷன் டிரைவர். ஒருநாள் சரக்கோடு போனார், சரக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. ஒரே மகனைத் தார்ப்பாய்க் குவியலில் தூங்க வைத்து வளர்த்தாள். பையன் வளர்ந்தான், சேராத இடத்தில் சேர்ந்தான், முழங்கையில் ஊசித் தழும்போடு வீட்டுக்கு வந்தான். அழுதாள், அடித்தாள், கதவைப் பூட்டி வைத்தாள், அவன் எதற்கும் மசியவில்லை. கடைசியில் இருபத்தோரு வயதில் அவனை வாசலில் நிற்க வைத்து, "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்று சொன்னாள். பிறந்ததிலிருந்து அம்மா சொன்ன எதையும் காதில் வாங்காத பையன் இதை மட்டும் கேட்டான். ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் பட்டறையை விட்டுவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, டயர் கடைக்காரர், "போயும் போயும் அங்கேயாம்மா?" என்று கேட்டார். தையல் மிஷின் முதுகைப் பிடித்துவிட்டது என்றாள். பொய். முதுகு நன்றாகத்தான் இருந்தது. ஊசி போடுகிற பையன்கள் என்றைக்காவது ஒருநாள் ஏறி வருகிற படிக்கட்டு அது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். படியில் தடுக்கி விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கையில் இருக்கிற டம்ளர் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நகரும்.

மையத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, குறியெண்தான். வெளியே தெரிந்தால் மானம் போகும், வேலை போகும் என்பதற்காக நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு. அம்மா பெயரில் முதல் மூன்று எழுத்து, அதோடு பிறந்த தேதி. இரண்டையும் ஒட்டினால் குறியெண். எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ, மனுஷன் தன் பெயரைச் சொல்லக் கூசுகிற இடத்தில் அம்மா பெயரைச் சொல்வானா என்று மட்டும் யோசிக்கவில்லை.

முதலில் மாட்டிக்கொண்டவர் டை. முன்னொரு காலத்தில் ஏதோ கம்பெனியில் விற்பனைக்காரர். வேலை போய், வீடு போய், சட்டைக் காலரும் கிழிந்த பிறகும் கழுத்தில் டை மட்டும் கட்டியிருப்பார்.

"அம்மா பேரு?" என்றார் பதிவுக்காரர், திரையைப் பார்த்தபடியே.

"எங்கம்மாவை ஏன் சார் இங்க இழுக்கறீங்க?"

"முழுப் பேரு பதிவேட்டோட நின்னுடும். குறியெண்ல மூணு எழுத்துதான் வரும்."

"மூணு எழுத்துன்னா அது எங்கம்மா இல்லையா?"

பதிவுக்காரர் மறுபடி திரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து பிரிண்டர் தாளைக் கடித்துக்கொண்டது. அவர் எழுந்து அதோடு மல்லுக்கட்டப் போனார். டை எழுந்து கிளம்பத் தயாராகிவிட்டார். இரத்தம் கொடுக்காமல் ஓர் ஆள் இறங்கிப் போவதை அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குனிந்து, அவர் காதோரம் தன் பெயரை முணுமுணுத்து, "என் பேரைச் சொல்லிடுங்க தம்பி. எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது" என்றாள்.

டை அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் பெயரைச் சொன்னார். பிறந்த தேதி கேட்டபோது அதையும் சொல்ல மனம் வராமல் அவள் பக்கம் திரும்பினார். அக்காவின் நாக்கில் இருந்தது உலகத்திலேயே ஒரு பிறந்த தேதிதான். அதை எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அம்மா பெயர் என்றதும் எவன் எழுந்து போகப் பார்க்கிறானோ அவனுக்கு அக்கா தன் பெயரையும் தன் மகன் பிறந்த தேதியையும் கொடுத்தாள். உதட்டுச்சாயமும் பூப்போட்ட குடையுமாக வருகிற மகாராணி, ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவள், "அக்கா, எங்கம்மா என்னைப் பெக்கவே இல்லைன்னு ஊர் பூரா சொல்லிட்டாங்க, நான் யார் பேரைச் சொல்ல?" என்றபோது அவளுக்கும் கொடுத்தாள். மேஸ்திரிக்குக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவர் பயந்து போயிருந்ததைப் பார்த்துக் கொடுத்துவிட்டாள். ஒன்பது பேர்.

ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் பதறியது. 'இந்தக் குறியெண் ஏற்கெனவே உள்ளது, தொடரவா?' என்று கேட்டது. பதிவுக்காரர் 'ஆம்' என்று அழுத்தினார். அவர் எதைக் கேட்டாலும் ஆம் சொல்லிப் பழகியவர், வீட்டிலும் அப்படித்தானாம்.

இப்போது சோதனைச் சீட்டு விஷயம். எச்.ஐ.வி. எந்த வழியில் பரவுமோ, அதே வழியில்தான் ஹெபடைடிஸ் பி, சி என்ற இரண்டும் பரவும். ஓர் ஊசியை இரண்டு பேர் போட்டுக்கொள்வது, உறையில்லாத உறவு, அடுத்தவனுடைய சவர பிளேடு. பி-க்குத் தடுப்பூசி உண்டு. சி-க்குக் கிடையாது, ஆனால் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் ஓடியே போய்விடும். சாப்பிடாவிட்டால் வலி, காய்ச்சல் எதுவும் காட்டாமல் இருபது வருஷம்கூட உட்கார்ந்து கல்லீரலைத் தின்னும். நர்சம்மா இதைத் தொண்டை வற்றச் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். எவர் காதிலும் ஏறாது. அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், எச்.ஐ.வி. உண்டா, இல்லையா.

அதற்கு விரல் நுனியில் குத்தி அன்றைக்கே சொல்லிவிடுவார்கள், சீட்டின் மேல் பாதியில் எழுதி. கீழ்ப் பாதியில், கல்லீரல் கிருமிக்காக எடுத்த இரத்தக் குழாயின் எண்ணும், 'இரண்டு வாரம் கழித்து இதனுடன் வரவும்' என்ற வரியும் இருக்கும். நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், 'இல்லை' என்று எழுதிய மேல் பாதியைக் கிழித்துப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள், பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி. கீழ்ப் பாதியைக் கசக்கிப் படிக்கட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். அக்கா அவற்றைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். யாருக்கு எந்தக் குழாய் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை அவள் கையாலேயே அள்ளிப் போட்டது அப்படித்தான்.

இரண்டு வாரம் கழித்து முடிவுகள் வந்தன. ஒரே குறியெண்ணில் பத்துத் தாள்கள். ஒன்பதில் எதுவும் இல்லை. ஒன்றில் ஹெபடைடிஸ் சி, கல்லீரல் கெட ஆரம்பித்திருக்கலாம், தாமதிக்காமல் சிகிச்சை தொடங்கவும். பதிவுக்காரர் அந்தப் பத்துத் தாளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மேலிடத்து அதிகாரி வந்தது அதற்கு நாலாம் நாள். மூன்றாவது படியில் தடுக்கி விழுந்து, முழங்காலில் தூசியோடு மேலே வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அதிகாரி உட்காரவில்லை. பதிவுக்காரர் அக்காவைக் கைகாட்டினார், அவருக்கு வேறு வழியில்லை.

"இந்தக் குறியெண்ல இருக்கறவங்க எல்லாம் உங்க பிள்ளைங்களா?"

"பிள்ளைங்க மாதிரிங்க சார்."

"மாதிரின்னு எழுத முடியாதும்மா. இதுல பத்துப் பேர் இருக்காங்க."

"ஒன்பது சார்."

"பத்து."

"நான் பேர் கொடுத்தது ஒன்பது பேருக்குத்தான். விரல் விட்டு எண்ணி வச்சிருக்கேன். அந்தப் பத்தாவது ஆள் யாருன்னு எனக்குத் தெரியாது."

அதிகாரி ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஒன்பது தப்பை ஒத்துக்கொள்கிறவள் பத்தாவதுக்கு ஏன் பேரம் பேசுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் அறிக்கையில் இப்படி எழுதினார்: 'பத்தாவது பிள்ளையைத் தாய் ஏற்க மறுக்கிறார்.' அதை உரக்க வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் கேட்டார். அக்கா போட்டுக் கொடுத்தாள். போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள், அந்த வரி அவளை எங்கேயோ குத்திவிட்டது.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. எல்லோரையும் புதிதாகப் பதிய வேண்டும். மேற்படி தாயின் பெயரில் இனி எவரையும் பதியக் கூடாது. பெயரை அடித்தாலே கம்ப்யூட்டர் சிவப்பாகி 'அனுமதி இல்லை' என்று காட்டும்படி செய்துவிட்டார்கள். அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை, நிறுத்தினால் டீ யார் போடுவது என்று நர்சம்மா கேட்டதால்.

ஒன்பது பேரையும் தேடிப் பிடித்து மறுபடி இரத்தம் எடுக்க வரச்சொன்னார்கள். வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தங்களில் ஒருவருக்குக் கிருமி என்று தெரிந்ததும் ஒன்பது பேருக்கும் வயிறு வலித்தது. மகாராணி தன் குடையைப் பக்கத்தில் இருந்தவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மேஸ்திரி கண்ணாடியில் நாக்கை நீட்டி மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். டை மட்டும், "வேற யாருக்காவதுன்னா மனசு கஷ்டமா இருக்கும், எனக்கே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

"அம்மா பேரு?" என்று பதிவுக்காரர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தரம் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய், அவர் காதோடு வாயை வைத்துத் தங்கள் அம்மா பெயரைச் சொன்னார்கள். மேஸ்திரி, "அவங்க போய் முப்பது வருஷம் ஆச்சு சார், பரவாயில்லையா?" என்று கேட்டார். அக்கா கெட்டிலைப் போட்டுவிட்டாள். அது கொதிக்கிற இரைச்சலில் எந்தப் பெயரும் தன் காதில் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

அவசரம் என்று எழுதி அனுப்பியதால் இந்தத் தரம் மூன்று நாளில் முடிவு வந்தது. ஒன்பது பேருக்கும் எதுவும் இல்லை. மகாராணி குடையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். டீ இரண்டு சுற்றுப் போயிற்று. அக்காவும் சிரித்தாள், ஆனால் ஸ்டூலில் உட்காரவில்லை.

"அப்போ அந்தப் பத்தாவது?" என்றாள்.

பதிவுக்காரர் பீரோவிலிருந்து இன்னொரு பதிவேட்டை எடுத்தார். மையத்துக்கு ஒரு வேனும் உண்டு. புதன்கிழமை தோறும் லாரி நிறுத்துகிற திடலுக்குப் போய் அங்கே இருப்பவர்களுக்குச் சோதனை செய்துவிட்டு வரும். அது வேன் பதிவேடு. விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "இதோ. லாரி கழுவற ஆள். உங்க பேரை இவனும் சொல்லியிருக்கான். யார்கிட்டயோ கேட்டுக்கிட்டு வந்திருக்கான் போல."

அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கூட்டினாள். மையத்தில் எல்லோருக்கும் தெரிந்தது அவள் பெயரின் முன் பாதிதான், அதைத்தான் ஒன்பது பேரும் சொன்னார்கள். இங்கே முழுப் பெயரும் இருந்தது, அவளைப் பெற்றவர்கள் வைத்தது வைத்தபடி. பக்கத்தில் அந்தத் தேதி. அந்த வேனில் பிளாஸ்க் கிடையாது, ஸ்டூல் கிடையாது, காதோரம் சொல்லிக் கொடுக்க யாரும் கிடையாது.

"இவன் யார்கிட்டயும் கேட்கலை சார்" என்றாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறான் என்பதும், நோயோடு இருக்கிறான் என்பதும் ஒரே வரியில் வந்தால் ஒருத்தி எதற்கு அழுவாள்? அவள் இரண்டுக்கும் சேர்த்து அழுதாள்.

புதன்கிழமை பிளாஸ்கோடு வேனில் ஏறினாள். திடலில் நாற்பது லாரி நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது விதி, ஆகவே நர்சம்மா ஒலிபெருக்கியில் குறியெண்ணை வாசித்தார். டிரைவர்கள் அதை வண்டி நம்பர் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு லாரியாக முன்னும் பின்னும் போய்ப் பார்த்தார்கள். அரை மணி நேரம் தேடிவிட்டு வாட்ச்மேன் வந்து, "அந்த நம்பர் வண்டி இங்க வரலைங்க" என்று வருத்தத்தோடு சொன்னார். அடுத்த புதனும் அப்படியே போயிற்று.

மூன்றாவது புதன் அக்கா வேனில் உட்காரவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தாள். அங்கே ஒருவன் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்துக் கண்ணை மட்டும் விட்டு முகம் முழுக்கச் சுற்றிக்கொண்டான். சுற்றிக்கொண்டு என்ன பயன்? ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்தான். மூன்று வயதிலிருந்து பயந்தால் அப்படித்தான் நிற்பான்.

"துண்டை எதுக்குடா சுத்தறே?"

"முகத்துல முழிக்காதேன்னு நீதானே சொன்னே."

"ஆயிரம் சொன்னேன். இந்த ஒண்ணுதான் உன் காதுல ஏறிச்சா?"

சக்கரத்திலிருந்து நுரை வழிந்து இரண்டு பேர் காலடியிலும் ஓடியது. அக்கா பிளாஸ்கைக் கீழே வைத்தாள். திட்டுவதற்கு ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அந்த நேரம் கைகொடுக்கவில்லை.

"ஊசியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. எச்.ஐ.வி. இல்லைன்னு வேன்லயே சொல்லிட்டாங்க. சீட்டு இருக்கு" என்றான். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட பாதிச் சீட்டை எடுத்துக் காட்டினான்.

"கீழ்ப் பாதி எங்கே?"

"அது எதுக்குன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நாசமாப் போற கீழ்ப் பாதி. சரி, அம்மா பேரு கேட்டப்போ ஏண்டா என் பேரைச் சொன்னே? ஆளாளுக்கு எதையோ சொல்றாங்க. நீயும் எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அம்மா பேரு கேட்டாங்க. வேற யார் பேரைச் சொல்வேன்?"

அக்கா மூக்கை முந்தானை நுனியால் துடைத்துக்கொண்டாள். "முகம் இருக்கட்டும். கையை நீட்டு. நர்சம்மா இரத்தம் எடுக்கணும்" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்து வேனுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கிருமி அவனுக்குத்தான் என்று உறுதியாயிற்று. கல்லீரல் இன்னும் கைமீறிப் போகவில்லை, உடனே மாத்திரை தொடங்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவன் மையத்துக்கு வந்தான். முகத்தில் அதே துண்டு. மூன்றாவது படியில் தடுக்கி விழுந்தான். மேலே அக்காவின் கையில் இருந்த டம்ளர் நின்றது.

மாத்திரை வாங்க வேண்டுமானால் புதுப் பதிவு வேண்டும். பதிவுக்காரர் கேட்டார், அவன் அம்மாவின் முழுப் பெயரைச் சொன்னான். கம்ப்யூட்டர் சிவப்பாயிற்று.

"அனுமதி இல்லைங்குது" என்றார் பதிவுக்காரர்.

"என் சொந்தப் பிள்ளை சார்" என்றாள் அக்கா.

"தெரியும்க்கா. எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? சுற்றறிக்கை இருக்கு. உங்க பேர்ல இனி யாரும் பிறக்க முடியாது." அவர் இரக்கமாகத்தான் சொன்னார். இந்த ஒரு தடவையாவது கம்ப்யூட்டர் 'தொடரவா?' என்று கேட்கும், ஆம் என்று அழுத்திவிடலாம் என்று காத்திருந்தார். அது கேட்கவில்லை. "மேலிடத்துக்கு எழுதிப் போட்டா ரெண்டு மாசத்துல மாத்திக் கொடுப்பாங்க."

"ரெண்டு மாசம் அவன் கல்லீரல் காத்துக்கிட்டு இருக்குமா?"

ஊருக்கெல்லாம் கொடுத்த பெயர் பெற்ற பிள்ளைக்கு உதவாமல் போனதை நினைத்து அக்காவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. துண்டு சுற்றிய தலை கதவுப் பக்கம் திரும்பியது. "பரவாயில்லை, நான் அப்புறமா வரேன்" என்றான் அவன். அப்புறமா என்று போனவர்களை அக்காவுக்குத் தெரியும்.

பெஞ்சிலிருந்து மேஸ்திரி எழுந்தார். கையில் காய்ந்த வர்ணம். நேராக மேசைக்கு வந்து, துண்டுக்காரன் காதோரம் குனிந்து ஒரு பெயரைச் சொன்னார். பிறகு பதிவுக்காரரைப் பார்த்து, "எங்கம்மா பேரைப் போடுங்க. அவங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது" என்றார்.

"அண்ணே, அவங்க செத்து முப்பது வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க? இவருக்கு வயசு இருபத்தெட்டு."

"கம்ப்யூட்டர் கேட்குதா?"

பதிவுக்காரர் அடித்துப் பார்த்தார். கேட்கவில்லை. பச்சையாகிப் புதுக் குறியெண் கொடுத்தது. டை கைதட்டப் போய், மற்றவர்கள் முறைத்ததால் நிறுத்திக்கொண்டார். மேஸ்திரி திரும்பிப் போய் உட்கார்ந்தார். மகாராணி அவரிடம், "புதுசா தம்பி பிறந்திருக்கான், ஸ்வீட் எங்கே?" என்று கேட்டாள்.

நர்சம்மா திரையை விலக்கி, தண்ணீரும் முதல் மாத்திரையுமாக வந்தார். "முதல் மாத்திரையை என் கண்ணு முன்னாடி முழுங்கணும். விதி. துண்டை எடுங்க."

அவன் எடுக்கவில்லை. துண்டுக்கு மேலே இருந்த இரண்டு கண்ணும் அக்காவைப் பார்த்தன. கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எடுடா" என்றாள் அக்கா.

எடுத்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், காடு மாதிரி தாடி. மாத்திரையைப் போட்டுத் தண்ணீரைக் குடித்து, வாயைத் திறந்து நர்சம்மாவிடம் காட்டினான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தும் வாயில் வந்தது ஒன்றுதான்.

"சவரம் பண்ணி எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசமிருக்கும். சொந்த பிளேடு இல்லை. அடுத்தவன் பிளேடைத் தொடக் கூடாதுன்னு வேன்ல சொன்னாங்களேம்மா."

அந்த மாடியில் நாலு வருஷமாக எல்லோருக்கும் அவள் அக்காதான். பதிவேட்டில் அவளுக்குப் பிறந்த ஒன்பது பேரும்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ம்மா என்று ஒரு குரல் கேட்டதும் பெஞ்சு மொத்தமும் திரும்பியது. பதிவுக்காரர் காதிலும் அது விழுந்தது. அவர் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை ஒரு தரம் பார்த்தார், அக்காவை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரையின் பக்கம் திரும்பி, எதுவும் கேட்காதவர் போல அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.